தோட்டக் கதைகளில் துணை மாந்தர்

கதை என்பது தலைமக்களைப் பற்றியது என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. தலைவன் யார், தலைவி யார், அவர்க்கு நேர்ந்த இடர் யாது, அது தீர்ந்ததா தீராது ஒழிந்ததா என்பனவே கதைக்கு உயிர் என்று பலரும் கருதுவர். ஆயினும் ஒரு நாவலைப் படித்துப் பத்தாண்டு கழிந்த பிறகு, படித்தவர் நெஞ்சில் எஞ்சி நிற்போர் யாவர் என்று ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலனாகும். தலைவியின் பெயர் மறந்து போயிருக்கும். அவளுக்கு வழியில் ஒருநாள் இடங்கொடுத்த கிழவி மறந்திருக்க மாட்டாள். கதையின் முடிவு நினைவில் மங்கியிருக்கும். ஓரத்தில் நின்று ஒரே ஒரு செயல் செய்துவிட்டுப் போன காவற்காரன் மங்கியிருக்க மாட்டான்.

துணை மாந்தர் இவ்வாறு நெஞ்சில் நிற்பது எதனால் என்னும் கேள்வி எல்லா மொழிக் கதைகளுக்கும் உரியதே. ஆனால் மலேசியத் தமிழ்க் கதைகளுக்கு, அவற்றுள்ளும் கெடா மாநிலத் தோட்டப்புறக் கதைகளுக்கு, அது சிறப்பாக உரியது. தோட்டத்தில் வாழ்ந்தோருள் வரலாற்று நூல்களில் தலைமை பெற்றோர் மிகச் சிலர். ஏனையோர் யாவரும் துணை மாந்தரே. கதையும் அவர்களை மறந்துவிடுமானால், அவர்களை நினைவில் வைப்பதற்கு வேறு ஏடு இல்லை.

பதவியே பெயரான இடம்

தென் கெடாவில், கூலிம் மாவட்டத்துப் பாடாங் செராய் ஊரை ஒட்டிய தோட்டப்புறங்களுள் ஒன்று பாடாங் மேஹா. 'பாடாங்' என்னும் மலாய்ச் சொல் திடலைக் குறிக்கும். சயாமின் மேலாட்சியில் இருந்த கெடா, 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. ரப்பர் விலை ஏறியிருந்த அக்காலத்தில் தென் கெடாவின் காடுகள் தோட்டங்களாக மாறின. அங்கே பால்மரம் சீவத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர்.

அக்காலத் தோட்டத்தின் அமைப்பை அங்கு வளர்ந்தோர் நன்கு அறிவர். மேட்டின்மீது துரையின் பங்களா. அதற்குக் கீழே அலுவலகமும் கிராணிமார் வீடுகளும். அதற்கும் கீழே வரிசை வரிசையாக லயங்கள். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளி, ஒரு பக்கம் கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பர். தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குச் செல்வர்.

இத்தகைய இடத்தில் மனிதனைக் காட்டிலும் அவன் வகித்த பதவியே பெரிதாக வழங்கியது. துரைக்கு ஊழியர் வாயில் பெயரில்லை, அவர் துரை. அலுவலகத்தில் இருப்பவர் பெரிய கிராணி, சின்னக் கிராணி. காட்டில் மேற்பார்ப்பவர் கங்காணி அல்லது தண்டல். குழந்தைகளைப் பார்ப்பவள் ஆயா. பள்ளியில் இருப்பவர் வாத்தியார். முப்பது ஆண்டு பழகிய பின்னும் சிலருடைய இயற்பெயரை அடுத்த லயத்தார் அறியாமல் இருந்ததுண்டு.

கதை எழுதப் புகுந்தோர்க்கு இவ்வழக்கம் ஒரு வசதியாகவும் அமைந்தது, ஒரு பொறியாகவும் அமைந்தது. 'கங்காணி' என்று ஒரு சொல் எழுதினால் போதும். மீசையும் தடியும் அதட்டலும் படிப்பவர் கண்முன் தாமே வந்து நின்றன. இதற்கு வரலாற்றுக் காரணம் இல்லாமல் இல்லை. கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டினான். திரட்டிய ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றான். வந்தவர்கள் அவனுக்குக் கடன்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதைத் தடை செய்யும் வரையில் இம்முறை நீடித்தது. ஆதலின் கங்காணிமேல் கதாசிரியர் கொண்ட சினம் பொய்ச் சினம் அன்று.

எனினும், அவன் திரட்டி வந்தவருள் அவனுடைய உற்றார் உறவினரும் இருந்தனர் என்பதையும் எண்ணவேண்டும். துரைக்கு அஞ்சி மேலே பார்த்தும், உறவுக்கு நாணிக் கீழே பார்த்தும் நின்ற மனிதன் அவன். தடியை மட்டும் எழுதிய கதைகளில் இந்த நாணம் இடம்பெறவில்லை. அதனால் அக்கங்காணிகளுள் ஒருவனுக்கும் மற்றொருவனுக்கும் வேறுபாடு காண இயலாமற் போயிற்று.

பெயரின்மை ஒரு குறையா?

பாத்திரத்திற்குப் பெயர் வைத்துவிட்டால் இக்குறை தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கக்கூடும். தமிழ் மரபு அவ்வாறு கூறவில்லை. அகத்திணை ஒழுக்கத்தில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன் என்று உறவும் நிலையுமே அங்கே பெயர்கள். அப்படியிருந்தும் சங்கத் தோழி வெறும் வகைமாதிரியாக நின்றுவிடவில்லை. காலந்தாழ்த்தும் தலைவனை இடித்துரைத்து மணம் முடிக்கத் தூண்டுகிறாள். வேண்டும்போது உண்மையைச் செவிலிக்கு உணர்த்தி அறத்தொடு நிற்கிறாள். அச்செயல்களைத் தலைவி செய்ய இயலாது, தோழியே செய்யவேண்டும். பெயரில்லாதவள் உயிர்பெறுவது அங்கேதான்.

சிலப்பதிகாரத்து மாதரியை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். அவள் ஆயர் குலத்து முதியவள். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவள் தங்க இடங்கொடுக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். தீய நிமித்தம் கண்டு குரவையாடச் செய்கிறாள். கோவலன் கொலையுண்டபின் காப்பியம் கண்ணகியோடு சென்றுவிடுகிறது. மாதரி கண்மறைந்து போகிறாள். கதைக்கு அவளால் இனி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் இளங்கோவடிகள் அவளை மறக்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் வாயிலாக ஒரு செய்தி வருகிறது: அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினோம் என்று வருந்தி மாதரி தீப்புகுந்தாள் என்பதே அது.

அச்செய்திக்கு அடிகள் செலவிட்ட அடிகள் மிகச் சில. அவையின்றியும் காப்பியம் நடந்திருக்கும். ஆயினும் அந்தச் சில அடிகளால் மாதரியின் வாழ்வுக்குத் தனியே ஓர் அளவுகோல் உண்டு என்பது தெரிகிறது. கண்ணகிக்கு நேர்ந்தது கண்ணகியின் துயரம். மாதரிக்கோ அது அவள் வாக்குத் தவறிய துயரம். ஒரே நிகழ்ச்சி இருவர் வாழ்வில் இரு வேறு பொருள் கொள்கிறது. தலைமக்களின் கதை தன் வாழ்வில் ஒரு பகுதியாக மட்டுமே அமையும்படி எந்தத் துணைப் பாத்திரம் படைக்கப்படுகிறதோ, அதுவே மறக்கப்படுவதில்லை.

சிரிப்பால் வரும் நினைவு

துணை மாந்தரை நினைவில் நிறுத்த எளிய வழி ஒன்றும் உண்டு. ஒருவருக்கு ஒரு விசித்திரமான பழக்கத்தை ஏற்றி, அவர் வரும்போதெல்லாம் அதை வரச்செய்வதே அவ்வழி. இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடர்ந்து வெளிவந்து, 1896இல் நூலுருப் பெற்றது. அதில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைத் தமிழாசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தம் வகுப்பைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்துத் தாமே நகைக்கும்படி அமைந்த பாத்திரம் அது. பழம்பாட்டில் ஆழ்ந்து நடப்புலகை அறியாத புலமைக்கு அவர் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டார்.

ஆங்கில நாவலாசிரியரான இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என இருவகையாகப் பிரித்தார். ஒரே ஒரு கருத்தைச் சுற்றி அமைவது தட்டைப் பாத்திரம். அதை அவர் இழிவாகப் பேசவில்லை. வந்தவுடன் அடையாளம் காணவும், பின்னர் எளிதில் நினைவுகூரவும் அது உதவும் என்றே கூறினார். முழுமையான பாத்திரத்திற்கு அவர் கூறிய சோதனை வேறு: அது நம்பத்தக்க முறையில் வியப்பூட்ட வேண்டும்.

இவ்விரண்டையும் தோட்டக் கதைகளுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும். கள்ளுண்டு ஆடுபவன், திக்கிப் பேசுபவன், கணக்குப் பார்த்தே காலங்கழிப்பவன் ஆகியோர் நினைவில் நிற்பர். ஆனால் அவர்களைப் பற்றிய கவலை படிப்பவருக்கு எழுவதில்லை. அடையாளம் தெரிவது ஒன்று. அக்கறை பிறப்பது வேறொன்று. பழக்கம் முன்னதைத் தரும். செயலே பின்னதைத் தரும்.

கதை வகுப்புக் காலம்

மலாயாவில் தமிழ்ப் புனைகதை தொடக்கத்தில் மெதுவாகவே வளர்ந்தது. 1917இல் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' தோன்றியது. 1930இல் 'நவரச கதா மஞ்சரி' என்னும் சிறுகதைத் தொகுப்பு வந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேச'னும் 1935இல் தொடங்கிய 'தமிழ் முர'சும் உள்ளூர் எழுத்தாளர்க்கு இடமளித்தன. போர் முடிந்தபின், 1950-51இல், 'தமிழ் நேசன்' கதை எழுதக் கற்பிக்கும் ஒரு முயற்சியை மேற்கொண்டது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அக்'கதை வகுப்பு', நாளேட்டின் வழியாகவே பாடம் சொன்னது. தோட்டத்திலும் சிற்றூரிலும் இருந்தவர்கள், எழுத்துலகத் தொடர்பு ஏதுமின்றி, அஞ்சல் வழியே எழுத்தாளராயினர். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் யாவரும் இம்முயற்சியை ஒரு திருப்பமாகக் கொள்வது முறையே.

அக்காலத்துக் கதைகள் பலவும் சீர்திருத்த நோக்கம் உடையவை. குடி கெடுக்கும், கல்வி உயர்த்தும், ஒற்றுமை வெல்லும் என்பன அவை சொல்ல வந்த செய்திகள். அச்செய்திகள் அன்றைய சமுதாயத்திற்கு வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அறவுரைக்காக எழுதும்போது துணை மாந்தர் அதன் கருவிகளாகிவிடுவது எளிது. குடிகாரக் கணவன் குடிப்பதற்காகவே வருகிறான். நல்ல வாத்தியார் நல்லுரை கூறுவதற்காகவே வருகிறார். தம் பணி முடிந்ததும் அவர்கள் மேடையை விட்டு இறங்கிவிடுகின்றனர். எங்கே போயினர் என்று கேட்பார் இல்லை.

இந்நிலையில் 1952இல் கு. அழகிரிசாமி கோலாலம்பூர் வந்து 'தமிழ் நேச'னில் பணியேற்று, 1957 வரை அங்கிருந்தார். அவருடைய புகழ்பெற்ற கதையான 'ராஜா வந்திருக்கிறார்' மலாயாவைப் பற்றியதன்று. தமிழ்நாட்டுக் கரிசற் காட்டு ஊர் ஒன்றைப் பற்றியது. ஆயினும் துணைப் பாத்திரம் எப்படி எழவேண்டும் என்பதற்கு அதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது. கதை சிறுமி மங்கம்மாளையும் அவள் உடன்பிறந்தாரையும் சுற்றியே செல்கிறது; செல்வர் வீட்டுப் பிள்ளையோடு அவர்கள் போடும் போட்டியே அதன் ஓட்டம். தாயாகிய தாயம்மாள் பின்னணியில் இருக்கிறாள். தீபாவளியை ஒட்டி ஓர் அனாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். சிரங்கு பிடித்த அவனுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, கணவனுக்கென வாங்கியிருந்த துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள் அவள். அறவுரை எதுவும் அங்கே பேசப்படவில்லை. அவள் வறுமையின் அளவும் நெஞ்சின் அளவும் அந்த ஒரு துண்டில் தெரிந்துவிடுகின்றன.

ஏட்டில் இல்லாதவர்கள்

தோட்டத்தைப் போலவே நகரத்து வட்டிக்கடையும் மனிதரைப் பதவியால் அழைத்த இடமே. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலைகளும், விலாச எழுத்துக்களே பெயராகும் வழக்கமும் அங்கே இருந்தன. 1938இல் மேடான் நகருக்குச் சென்று கடைகளில் பணிபுரிந்த ப. சிங்காரம், பின்னாளில் எழுதிய 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய நாவல்களில் அம்மனிதரை உயிரோடு நிறுத்தினார். பினாங்கிலும் மேடானிலும் அவர்கள் பேசும் பேச்சில் விட்டுவந்த ஊரும், சேர்க்க எண்ணிய பொருளும், கழிந்துபோன வயதும் ஒலிக்கின்றன. பதவிப் பெயரை நீக்காமலேயே, அதனுள் இருந்த ஆளை அவர் வெளிக்கொணர்ந்தார்.

கெடாவின் வரலாறும் இதையே வேண்டி நிற்கிறது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் அங்குள்ள தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் நடந்தது. போலீசாரோடு மோதல் ஏற்பட்டது. வரலாற்று நூல்களில் சாமியின் பெயர் இருக்கிறது. அவர் பின்னே நடந்தோர் 'தொழிலாளர்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டனர். குடியை விட்ட கணவனைக் கண்டு முதலில் நம்பாத மனைவி, மறியலுக்குச் சென்ற மகனுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருந்த தாய், கடைக்குள்ளே நின்று வெளியே தன் உறவினரைப் பார்த்த கள் ஊற்றுபவன் ஆகியோர்க்கு ஆவணத்தில் இடமில்லை. அவர்களுக்கு இடமளிக்கக் கூடியது புனைகதை ஒன்றே.

அப்பணியைக் கெடா எழுத்தாளர் சிலர் மேற்கொண்டுள்ளனர். கூலிமிலிருந்து எழுதிய எம். ஏ. இளஞ்செல்வன், 2006இல் 'மண்புழுக்கள்' நாவலை வெளியிட்டு 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி, சயாம் ரயில் பாதைக் கொடுமையைப் பொருளாகக் கொண்ட 'கையறு' நாவலின் ஆசிரியர் கோ. புண்ணியவான் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 'மண்புழுக்கள்' என்னும் தலைப்பே, மண்ணைப் பண்படுத்தியும் கண்ணுக்குப் படாமற் போன உயிர்களை எண்ணச் செய்கிறது.

மறவாமைக்கு வழி

மேற்கூறியவற்றிலிருந்து எழுதுவோர்க்கும் எழுதக் கற்பிப்போர்க்கும் பயன்படும் சில நெறிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, துணைப் பாத்திரம் தன் வேலையோடு உள்ளே வரவேண்டும். 'ஆயா அன்பானவள்' என்று எழுதினால் படிப்பவர் கடந்து சென்றுவிடுவர். கொட்டகையில் தொங்கும் தூளிகளுள் எது எவள் சேலை என்பதை விளக்கில்லாமலே தொட்டறிபவள் என்று காட்டினால், அவள் அன்பையும் பல்லாண்டுப் பழக்கத்தையும் ஒருங்கே காட்டியதாகும்.

இரண்டாவது, கதைத் தலைவனோடு தொடர்பில்லாத கவலை ஒன்று அவனுக்கு இருக்கவேண்டும். அது விரிவாகக் கூறப்பட வேண்டுவதில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய கடிதம், அடுத்த தோட்டத்திற்குக் கொடுத்த மகள், மழையால் குறைந்த வேலைநாள் என ஏதேனும் ஒன்று இரு வாக்கியங்களில் தெரிந்தால் போதும்.

மூன்றாவதும் தலையாயதும், அவனே செய்யக்கூடிய செயல் ஒன்று கதையை ஒரு முறை தொடவேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளி ஒருவனைப் பற்றிய கதை என்று கொள்வோம். வழக்கமான கதையில் கிராணி ஏளனமாகச் சிரித்துப் பேரேட்டில் பெயரை அடித்துவிடுவான். அவன் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கை முடிக்கும் தாளில் எழுதுவதற்காக, 'உன் தகப்பன் பெயர் என்ன?' என்று கேட்கிறான். பதினெட்டு ஆண்டுகளாக அத்தொழிலாளிக்குக் கூலி கணக்கிட்டவன், அதை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறான். கேட்டு எழுதியபின் பேனாவை உடனே மூட அவனால் முடியவில்லை. இவ்வளவே போதும். கிராணி கொடியவனா நல்லவனா என்று சொல்ல வேண்டிய தேவை அங்கே இல்லை.

நான்காவது, அவன் வேளையறிந்து விலகவேண்டும். கம்பனின் குகன் இதற்குச் சான்று. பரதனைப் பகைவன் என்று ஐயுற்றுப் போருக்கு எழுந்து, அவன் கோலத்தைக் கண்டதும் நெஞ்சு மாறி வணங்கி, கங்கை கடத்தி விட்டபின் அவன் நெடுந்தொலைவு கதையில் இல்லை. அவனை மேலும் இழுத்துச் சென்றிருந்தால் அந்த மாற்றத்தின் வலிமை குன்றியிருக்கும். துணைப் பாத்திரத்தின்மேல் கொண்ட பற்றால் கதையையே அவனிடம் ஒப்படைத்துவிடும் எழுத்தாளர் உண்டு. அவ்வாறு செய்தால் கதை இரண்டாகப் பிளந்துபோகும். அவனையே தலைவனாக்கி வேறொரு கதை எழுதுவது மேல்.

இந்நெறிகளை வெறும் எழுத்துத் திறம் என்று மட்டும் கருதலாகாது. கெடாவின் தோட்டங்கள் பலவற்றில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களை நோக்கிக் குடிபெயர்ந்தனர். பெரட்டுக் களத்தில் நின்றவர்களைக் கண்ணால் கண்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தோட்டத்துக் கணக்கேடு அவர்கள் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பதைச் சொல்லும்; எதற்காக ஒருநாள் வேலைக்கு வராமல் நின்றார்கள் என்பதைச் சொல்லாது.

பாடாங் மேஹா போன்ற தோட்டத்துப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பல கெடாவில் உண்டு. அங்கே கட்டுரைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள், 'என் தாத்தா' என்னும் தலைப்பை மாணவர்க்கு அடிக்கடி கொடுப்பதுண்டு. அதனோடு, 'என் தாத்தாவுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்' என்னும் தலைப்பையும் கொடுத்துப் பார்க்கலாம். அவரைப் பற்றி அன்பும் அடக்கமும் மிக்கவர் என்று பிள்ளைகள் எழுதினால், அவர் என்ன வேலை செய்தார், எதற்கு அஞ்சினார், ஒருநாள் என்ன செய்தார் என்று திரும்பக் கேட்கவேண்டும். விடை தேடிப் பிள்ளைகள் வீட்டிலுள்ள முதியோரிடம் செல்வர். கேட்க ஆள் இருக்கும்போதே அக்கேள்விகள் கேட்கப்படுவது நலம்.